நான் நிரப்பாத வட்டங்கள்

அப்பா தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். மாடியில் கிளினிக், கீழே கடை. டாக்டர் படியிறங்கி வந்தால் கையில் என்ன வேலை இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். அவரைவிட இருபது வயது சின்ன டாக்டராக இருந்தாலும் அப்படித்தான்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும், கணக்குதான் படிப்பேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை.

“டாக்டரு எழுதுதத நான் எடுத்துக் குடுக்கேன். நீ எழுதுதவளா இருக்கணும்ட்டி,” என்றார்.

கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் சேர்த்துவிட்டார். ரெண்டும் இருக்குல்லா, அப்புறம் என்ன என்று அம்மாவும் சொல்லிவிட்டாள்.

இரண்டு வருடம் நீட்டுக்குப் படித்தேன். படிப்பு வராமல் இல்லை. வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். இடம் கிடைத்துவிட்டால் அப்புறம் வேண்டாம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

தேர்வு மையம் திருநெல்வேலியில். வாசலில் கம்மலைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு திருகு இறுகிப்போய் வரவே இல்லை. அப்பா என் காதருகே குனிந்து, வலிக்காமல் மெல்லக் கழற்றினார். இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, “பதறாம எழுது. நான் இங்கனதான் நிக்கேன்,” என்றார்.

வினாத்தாளில் தெரிந்த கேள்விகள் நிறையவே இருந்தன. தாவரவியலில் பாதி வட்டங்களை நிரப்பாமல் விட்டேன். விலங்கியலில் அதைவிட அதிகம். இன்னும் நேரம் இருக்கிறது, நிரப்பிவிடலாம் என்று ஒருமுறை பேனாவை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு, மணி அடிக்கிறவரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது அப்பா எதிர்ச் சுவரோரம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே இருந்த நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது. முகமெல்லாம் கறுத்திருந்தது.

“ஈஸியா இருந்துச்சா?”

“கஷ்டம்ப்பா.”

முடிவு வந்த வாரம் குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. குளித்துவிட்டு வருவோம் என்று பைக்கில் கூட்டிப்போனார். பெண்கள் பக்கம் அருவிக்குள் நின்றுகொண்டு, வெளியே போனதும் வட்டங்களை விட்டதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், அப்பா மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு நிற்கிறார்.

“நான்தான் உன்னய ரொம்ப நெருக்கிட்டேன். வராதத வா வான்னா எங்கன இருந்து வரும்? இனி ஒனக்குப் பிடிச்சதப் படி.”

அவர் கண் கலங்கியிருந்தது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. பஜ்ஜியை வாங்கித் தின்றேன்.

கணக்குப் படித்தேன். இப்போது கடையத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவோ கேட்பவர்களிடமெல்லாம், “பரிச்ச அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். இல்லன்னா எடுத்திருப்பா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார். அப்படி ஒரு காய்ச்சல் வரவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

போன வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவரைப் பார்க்க வந்தது ஓர் இளம் பெண் டாக்டர். அவள் நாடி பிடித்துப் பார்த்து முடிக்கிறவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பிள்ளைக்கும் ஒங்க வயசுதாம்மா இருக்கும்,” என்றார். காய்ச்சல் கதையை மட்டும் சொல்லவில்லை. அவள் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் தலைகுனிந்து நின்றேன். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

பதினாறு முடிந்த மறுநாள் அம்மா அவருடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னேன்.

“தெரிஞ்சேவா விட்ட?”

“ஆமாம்மா.”

அம்மா கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிறகு, “பிள்ளைய வதைச்சிட்டேனே, வதைச்சிட்டேனேன்னு எத்தன நாளு பொலம்பிருக்காக தெரியுமா? என்கிட்ட சொல்லி என்ன செய்ய? இத அவுககிட்டல்லா சொல்லியிருக்கணும்ட்டி,” என்றாள்.

திட்டவில்லை. அழவும் இல்லை. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும்தான்.