மடியில் மடகாஸ்கர்

மலேசியாவில், கோலா கிளாவாங்கிலிருந்து சிரம்பானுக்கு இறங்கும் மலைப்பாதை. பஸ் வராததால் லோரிக்காரர் சேகர் என்னை ஏற்றிக்கொண்டிருக்கிறார். என் மடியில் அவருடைய கூண்டு, மேலே மஞ்சள் துணி. உள்ளே மடகாஸ்கர் காட்டுப் பச்சோந்தி. ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில் என்று நேற்றுதான் தெரிந்ததாம். சிரம்பான் வனவிலங்கு ஆபீசில் தாமாகவே ஒப்படைக்கப் போகிறார்.

வளைவு திரும்பியதும் கீழே போலீஸ் ரோட் பிளாக்.

ரப்பர் தோட்டத்து ஓரம் சேகர் வண்டியை நிறுத்துகிறார். "அண்ணே, இங்கயே விட்டுடலாம்லா. மரம்தானே, பொழச்சுக்கும்."

"இது பொறந்த காடு கடலுக்கு அந்தப் பக்கம், தம்பி. ரப்பர் மரத்துல என்ன செய்யும்?"

"வழியில புடிச்சா, ஒப்படைக்கத்தான் போறேன்னு எவன் நம்புவான்? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கண்ணே எனக்கு."

துணியை விலக்குகிறேன். காலையில் பச்சையாக இருந்ததாம். இப்போது பயத்தில் கரியாகிக் கிடக்கிறது. ஒரு கண் சேகரைப் பார்க்கிறது, மறு கண் என்னை. கம்பி இடுக்கில் விரலை வைத்ததும், கிளை என்று நினைத்ததோ என்னவோ, இறுகப் பற்றிக்கொள்கிறது. கீழே ஒரு போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டார்.

சேகர் கியரைப் போடுகிறார். "துணிய மூடாதீங்கண்ணே. மறைச்சா திருட்டு மாதிரி இருக்கும்."

போலீஸ்காரர் கை காட்டுவதற்கு முன்பே சேகர் கண்ணாடியை இறக்குகிறார். "டுவான்..." என்று மலாயில் மரியாதையாக அழைக்கிறார். என் மடியிலிருக்கும் கூண்டைக் காட்டி, இதை ஒப்படைக்கத்தான் போகிறேன் என்று தானே முதலில் சொல்கிறார்.