அத்தை மாட்டை அவிழ்க்காத நாள்

எங்கள் செக்கைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாள் கிரேன் வந்தது. மயிலாப்பூரில் எங்கள் சந்தில் மாடு பூட்டி எள் ஆட்டியது எங்கள் வீடு மட்டும்தான். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு காட்சிக்கூடத்துக்குச் செக்கைத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அங்கே சுற்றிலும் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வார்களாம். தொடாமல் வைத்தால் அதற்குப் பெயர் செக்கா? இந்தக் கோபமெல்லாம் எனக்குப் பிறகு வந்தது. அன்று நான் ஒன்றாம் வகுப்பு. கிரேன் கல்லைத் தூக்குவதைப் பார்க்கக் காலையிலிருந்தே வாசலில் நின்றேன்.

செக்கை ஓட்டியவள் அத்தை, அப்பாவின் அக்கா. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரேன் சந்துக்குள் திரும்பியதும் அவள் எங்கள் செக்குமாடு செவலையைப் பூட்டி, செக்குக் குழியில் எள்ளைக் கொட்டினாள். எள் விழுந்தால் எண்ணெய் பிரியும்வரை மாட்டை அவிழ்க்கக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம், அப்பாவுக்கும் சேர்த்து.

"பாரம் பத்தல, நீயும் ஏறிக் குந்து" என்று மாடு இழுக்கும் பலகையில், பாரக்கல்லுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள்.

கிரேனோடு வந்த காட்சிக்கூடத்து ஆள் வெயிலில் காத்திருந்தார். எண்ணெய் பிரிந்தது. அத்தை புண்ணாக்கை வழித்த கையோடு அடுத்த மூட்டையைப் பிரித்தாள்.

"இன்னாக்கா இது, வாக்கு குட்த்துட்டேன்" என்று அப்பா கெஞ்சினார்.

"நீதான குட்த்த, நானா குட்த்தேன்? ஓடிக்கினு கீற செக்க நிறுத்திட்டுக் காப்பாத்துறாங்களாம்!"

பிறகு அந்த ஆளைப் பார்த்தாள். "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புயுக்க இன்னாத்துக்குக் காயுது? நெயல்ல குந்து நைனா."

கிரேன்காரர் சிரித்துவிட்டார். அத்தை செவலைக்குத் தண்ணீர் காட்டும்போதும் நுகத்தை அவிழ்க்கவில்லை, என்னையும் இறக்கவில்லை. மத்தியானச் சோற்றைப் பலகையிலேயே ஊட்டினாள். பொழுது சாய்ந்ததும் கிரேன்காரர், "வேற வேல கீது சார்" என்று வண்டியைத் திருப்பினார். கல் அசையவேயில்லை என்ற ஏமாற்றத்தில் நான் ஓவென்று அழுதேன். அத்தை ஒரு துண்டு கருப்பட்டியை என் வாயில் திணித்தாள்.

அவ்வளவு எண்ணெயை அன்று யாரும் கேட்டிருக்கவில்லை. மாதக்கணக்கில் எங்களுக்குத் தோசைக்கும் தலைக்கும் அதுதான்.

அவர்கள் திரும்பி வரவில்லை. வந்தாலும் கிடைக்காது. இப்போது ஓட்டுவது நான். பலகையில் அதே பாரக்கல் மட்டும்தான், ஒரு நாளும் பாரம் பத்தாமல் போனதில்லை. பிள்ளை உட்கார்ந்திருக்கும் பலகையில் எவனும் கை வைக்க மாட்டான் என்பது எனக்கு அன்று தெரியாது. அத்தைக்குத் தெரியும்.