பல்லுக்கு வார்னிஷும் நாற்பத்தெட்டு நாள் விரதமும்

நான் பயப்படுகிற ஆள் இல்லை. தைப்பூசத்துக்கு நாக்கில் வேல் குத்திக்கொண்டு, மலேசியாவின் பத்துமலைக் குகைக் கோயிலுக்குப் படியேறுகிறவன். ஆனால் கிள்ளானில் ஒரு பல் கிளினிக் நாற்காலியில் சாய்ந்தபோது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுக்க ஆரம்பித்தேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் சுரீர் என்றன. அதற்காகத்தான் போயிருந்தேன்.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், புளிப்பா ஏதாச்சும் நெறைய குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

விரதத்தின் இரண்டாம் வாரம் அது. ஒருவேளைச் சைவச் சாப்பாடு. மற்ற நேரமெல்லாம் 'அசாம் போய்' என்கிற உப்பில் ஊறிக் காய்ந்த பிளம் பழம் போட்ட எலுமிச்சை ஜூஸ். போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்டு பார்க்கிறவன் நான். அங்கே அடிக்கிற வெக்கைக்கு வருசம் முழுக்கவே குடிப்பேன், விரதத்தில் இன்னும் அதிகம். வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று, குடித்த கையோடு அழுத்திப் பல்லும் துலக்கிவிடுவேன். இதைப் பெருமையாகச் சொன்னேன். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"புளிப்பு பல்லு மேல இருக்கிற எனாமலை இளக்கிடுது. ஒடனே நீங்க பிரஷ் போட்டு அதைத் தேய்ச்சு எடுத்துடறீங்க. ஜூஸை விடுங்க. இன்னிக்கே ஃபுளோரைட் வார்னிஷ் பூசிடலாம், ரெண்டு நிமிஷ வேலைதான். இப்படியே விட்டா ரெண்டு பல்லும் ஓரத்துல உடைஞ்சிடும் அங்கிள்."

வார்னிஷ் என்றால் எனக்கு மேசை நாற்காலிதான் ஞாபகம் வரும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் நேர்மையானவர், அதுதான் வினை. ஃபுளோரைட், மரப்பிசின், பூச்சி சுரக்கிற அரக்கு, இதெல்லாம் கரையக் கொஞ்சம் ஆல்கஹால் என்றார். பூசியதும் ஆல்கஹால் பறந்துவிடுமாம்.

பூச்சி! சாராயம்! எழுந்து வெளியே போய் எங்கள் காவடிக் குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். விரத காலத்தில் நாங்கள் எதைத் தின்னலாம், எதைத் தொடலாம் என்று தீர்ப்புச் சொல்வது அவர்தான்.

"ஒரு சொட்டா இருந்தாலும் சாராயம் சாராயம்தான்லா. விரதம் கெட்டுப் போயிரும். பல்லை முருகன் பாத்துக்குவாரு, நீ ஜூஸைக் குடி" என்றார்.

டாக்டர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. "வார்னிஷ் வேணாம்னா ஜூஸையாவது விடுங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னார். விட்டேனா? அன்று மாலையே இரண்டு கிளாஸ் குடித்தேன்.

தைப்பூசத்தன்று வேல் குத்தியபோது வலிக்கவில்லை. படி ஏறியபோதும் வலிக்கவில்லை. மேலே குகையில் வேலை உருவித் திருநீறு வைத்ததும், யாரோ ஒரு புண்ணியவதி ஐஸில் கிடந்த தண்ணீரை என் வாயில் ஊற்றினார். நான் போட்ட அலறலில் குகையே அதிர்ந்தது. சுற்றி நின்றவர்கள் "வேல் வேல்" என்று கத்தினார்கள். எனக்கு அருள் வந்துவிட்டதாம். ஓர் அக்கா காலில் விழுந்து, "சாமி, எம்மகளுக்கு இந்த வருசமாச்சும் கல்யாணம் ஆகுமா?" என்று கேட்டார். காற்றுப் பட்டாலே உயிர் போனதால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அவர் அழுதுகொண்டே கும்பிட்டார். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

விரதம் முடித்த நாளில் தலைவர் வீட்டில் விருந்து. ஆட்டுக்கறி, ஐஸ் பெட்டி நிறைய பீர். ஒரு சொட்டும் ஆகாது என்றவர் மூன்றாவது டின்னில் இருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். குளிர்ந்த டின்னைப் பார்த்ததுமே பல் கூசியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எலும்பைக் கடித்தேன். முன்பல்லில் பாதி உடைந்து கையில் வந்தது.

தலைவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அதான் விரதம் முடிஞ்சிருச்சுலா. இனிமே போயி அந்த வார்னிஷைப் பூசிக்க" என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார்.

மறுநாளே போனேன். டாக்டர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, காட்டியிருந்தால் தேவலாம். உடைந்த பல்லை ஒட்டுப் போட்டு நிரப்பினார். மற்ற பற்களுக்குச் சின்ன பிரஷால் மஞ்சளாக வார்னிஷ் பூசினார். எந்த ஒரு சொட்டுச் சாராயத்துக்குப் பயந்து பல்லை விட்டேனோ, அதன் வாசனை நான் வாயை மூடுவதற்குள் போய்விட்டது.