முதல் பட்டன்

பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த என்னை ஒரு கம்ப்யூட்டர் பெயிலாக்கியது. அந்த வருஷங்களில், ரத்தம் நிற்காமலே போய்ச்சேர்ந்த மாகறல் ஊர்ப் பெண் ஒருத்தியைத் தவிர யாரையும் நான் இழந்ததில்லை. அதையும் விதி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி மாடியில் நர்ஸ்களுக்குப் பயிற்சி. திரையில், அப்போதுதான் பிள்ளை பெற்ற ஒருத்தி. ரத்தம் நிற்கவில்லை. பட்டன்களைத் தட்டித் தட்டி அவளைக் காப்பாற்ற வேண்டும்.

இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். கர்ப்பப்பை சுருங்க வயிற்றைத் தேய்த்துவிட்டேன், ஊசி போட்டேன், டிரிப் ஏற்றினேன். செத்துப்போனாள். மறுபடி செய்தேன், மறுபடி செத்தாள். மூன்றாவது தடவையும் சாகவே, சீ போ என்று எழுந்துவிட்டேன்.

சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு என் மகள் வயது. "இன்னாக்கா, எல்லாம் கரெக்டா பண்றீங்க. முதல் பட்டனைத் தொடவே மாட்டேங்கிறீங்களே!"

அது உதவிக்கு ஆள் கூப்பிடும் பட்டன்.

"நான் இருக்கும்போது இன்னொரு ஆளு எதுக்கும்மா?"

"ஒரே ஆளா செஞ்சுக்கினு இருந்தா நேரம் போயிடுதுக்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வார்டில் புது நர்ஸ்கள்தான் ஆள் கூப்பிடுவார்கள். சீனியர் கூப்பிட்டால், "கை நடுங்குதாக்கா?" என்று டீ குடிக்கும்போது கிண்டல் நடக்கும். தன் கையே தனக்கு உதவி என்று நிமிர்ந்து நடந்தவள் நான். நாலாவது தடவை வேண்டாவெறுப்பாக அந்தப் பட்டனைத் தட்டினேன். அவள் பிழைத்தாள்.

அடுத்த வாரம் செவிலிமேட்டுப் பெண் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். குழந்தை நன்றாக அழுதது. ஆனால் கட்டில் விரிப்பு நனைந்துகொண்டே போனது. பழக்கத்தில் என் கை அவள் வயிற்றுக்குப் போய்விட்டது. வாய் மூடியே இருந்தது. அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"யாராச்சும் ஓடியாங்கப்பா!" என்று கத்தினேன்.

டாக்டரும் இரண்டு நர்ஸ்களும் ஓடி வந்தார்கள். ஒருத்தி ஊசி, ஒருத்தி டிரிப். நான் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது.

கை கழுவும்போது இளைய நர்ஸ் கேட்டாள். "நீங்களாக்கா கூப்டீங்க? நம்பவே முடியலை."

"ஆமாம்மா. பயமா இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. நான் குழாயை மூடாமலே நின்றேன். மாகறல் பெண்ணுக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். யாரையும் கூப்பிடவில்லை.