அடைப்புக்கு யார் பொறுப்பு

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை செய்யும் உதிரிபாகக் கிடங்கில் 'மூடி' என்று பட்டப்பெயர். தூசு படக்கூடாது, ஈரம் படக்கூடாது என்று கண்ணில் பட்டதையெல்லாம் மூடி வைப்பார். வீட்டிலும் அதே கூத்துதான். டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, அந்த உறைக்கு மேல் இன்னோர் உறை. இந்த மனுஷன் வீடு கட்டினால் கேட்கவா வேண்டும்? தினமும் வேலை விட்டதும் நேரே வீடு கட்டும் இடத்துக்குப் போய், சிமெண்டை மூடி, மணலை மூடி, "நான் போகலைன்னா எல்லாம் பாழ்" என்று சலித்துக்கொண்டே வருவார்.

குழாய் வேலை என் தம்பியுடையது. முதலாளியைவிட்டுப் பிரிந்து அவன் தனியாக எடுத்த முதல் வீடு இதுதான். "அக்கா, உன் பேரன் காலத்துக்கும் தாங்கும்" என்பான். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. "முதல்ல அவளைப் படிக்க வைப்போம்டா" என்பேன்.

குடிபோன கொஞ்ச நாளிலேயே குளியலறைத் தண்ணீர் வடியாமல் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது மேலே பொங்கி, வாயால் சொல்லக்கூடாததையும் சேர்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தது. சமையலறை அலமாரிகளின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது. அந்த நாற்றத்தில் சோறு இறங்கவில்லை.

மேஸ்திரி, "குழாய்க்கும் எனக்கும் சம்பந்தமில்லம்மா" என்று கைகழுவிவிட்டார். தம்பிதான் ஓடி வந்தான். இவர் வாசலிலேயே மறித்துக்கொண்டு, தெருவே கேட்கக் கத்தினார்.

"அக்கா வீட்டையே நாறடிச்சவன் நீ! இனி இந்தப் படி ஏறாதே!"

"மாமா, திறந்து பாக்க விடுங்க. என் தப்புன்னா நானே சரிபண்ணித் தர்றேன்."

விடவில்லை. எதிர்வீட்டு அம்மா தன் வீட்டு வேலையைத் தம்பிக்குத் தருவதாக இருந்தார். மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எல்லாவற்றுக்கும் மூடி வைத்திருந்த இவரிடம் அதற்கு மட்டும் இல்லை. பேர் கெட்ட பிறகு யார் கூப்பிடுவார்கள்? தம்பி பழைய முதலாளியிடமே கூலிக்குப் போனான்.

இவர் அமிலம் ஊற்றுவார், கம்பி விட்டுக் குத்துவார். நாலு நாள் ஒழுங்காகப் போகும், மறுபடி பொங்கும். ஒவ்வொரு தடவையும் துடைத்தவள் நான். இடுப்பு விட்டுப்போனது.

கடைசியில் வேறொரு பிளம்பர் வந்தார். வாசலோரத்துக் கழிவுநீர்ச் சேம்பரைத் திறந்து, நீளக் கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். கறுப்பாக ஒரு துணி வந்தது. தண்ணீர் அடித்ததும் நீலச் சட்டை என்று தெரிந்தது. சட்டைப் பைக்கு மேல் இவர் கிடங்கின் பெயர்.

"குப்பை விழாம இருக்க யாரோ குழாய் வாயில அடைச்சிருக்காங்க. எடுக்க மறந்துட்டாங்க. தண்ணி ஊத்த ஊத்த உள்ள போய் வளைவுல மாட்டிக்கிச்சு. குழாய் போட்டவரு வேலை சுத்தமா இருக்கும்மா."

சட்டையின் காலர் கிழிசலைத் தைத்தவளே நான்தான்.

பிளம்பர் போனதும் அதைப் பாலிதீன் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டார். நான் பையைப் பிடுங்கினேன். சட்டையை அலசி, வாசல் கொடியில் தெருவைப் பார்க்கக் காயப்போட்டேன்.

"என்னடி இது? தெருவே பாக்குமே!"

"பாக்கட்டும். அவன் பேரு நாறினப்பவும் தெருதானே பாத்துச்சு?"

எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தார். "என்ன, அடைப்பு போயிடுச்சா? யாரு சட்டை இது?"

நான் இவரையே பார்த்தேன். இவர் தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

"அவங்களுக்குக் கேக்கலையாம். அன்னிக்குக் கத்தின மாதிரி சொல்லுங்க" என்றேன்.

இவர் குரலை உயர்த்தினார். "என் சட்டைதாங்க. குழாயை அடைச்சவன் நான்தான். என் மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல."

நான் வாசலைக் கழுவ எடுத்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.