காவடிக்குப் போட்ட மாலை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் புஷ்பக் காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அவளுடையது, காவடி என்னுடையது. பேரப்பிள்ளை வேண்டி என் கழுத்தில் மாலை போட வைத்தாள். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், தனிப் பாய். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை எனக்கு. அங்கே வெறுங்கால் நடக்குமா? ஷூ மட்டும் போட்டுக்கொண்டேன். "முருகன் உட்டுருவாரு சாமி, சேஃப்டி ஆபீசர்தான் உடமாட்டாரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள்.

அம்மாவுக்கு ஒன்று தெரியாது. குறை என்னிடம் இருந்தது. என் உயிரணுக்கள் குறைவு, இருப்பதும் சரியாக நீந்தவில்லை என்று டாக்டர் சொன்னார். உலைச் சூடும் ஒரு காரணமாக இருக்கலாமாம். இதை அம்மாவிடம் சொல்லாதே என்று என் மனைவியிடம் கெஞ்சிக் கேட்டிருந்தேன். அவளும் சொல்லவில்லை. அம்மாவோ மணவாள நகர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நாலு வருசமாச்சி, வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல" என்று ஊருக்கே கேட்கச் சொல்வாள். உள்ளே சோறு வடித்துக்கொண்டிருப்பவளுக்கும் அது கேட்கும். ஆஸ்பத்திரிக்குப் போவதே மருமகளைச் சரிபண்ணத்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

சிகிச்சை என்றால் பாரமெல்லாம் அவளுக்குத்தான். தினம் சாயங்காலம் தொப்புளுக்குப் பக்கத்தில் அவளே ஊசி போட்டுக்கொள்வாள். கருமுட்டைகள் ஒன்றுக்குப் பல வளர வேண்டும் என்பதற்காக அந்த ஊசி. ஸ்கேனில் வளர்ச்சியைப் பார்த்து, ஒரு நாள் குறித்து, மயக்க மருந்து கொடுத்து, முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். அதே நேரத்தில் நான் ஒரு டப்பாவில் என்னுடையதைக் கொடுக்க வேண்டும். மொத்தத்தில் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

அவர்கள் குறித்த நாள் என் விரதத்துக்கு நடுவில் வந்து விழுந்தது. முன்கூட்டியே கொடுத்தால் உறைய வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாலையோடு எப்படி என்று கூச்சப்பட்டு, வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். அதோடு, விரதத்தில் விலகி இருப்பதால் நிறையச் சேர்ந்திருக்கும், நல்லதுதானே என்று ஒரு கணக்கு வேறு. நீண்ட நாள் விலகி இருந்தால் அணுக்கள் சோர்ந்துபோகும் என்று அப்புறம்தான் டாக்டர் திட்டினார். என் மூளை அப்படி!

அன்றைக்கு விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினோம். செவ்வாப்பேட்டையில் ஏறிய ஒரு பெண்மணி என் மஞ்சள் வேட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கோயிலுக்கா சாமி?" என்றார். ஆமாம் என்றேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே அழைத்துப்போனார்கள். நர்ஸ் என் கையில் டப்பாவைக் கொடுத்து, "சாமி, அந்த ரூமு" என்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கதவைத் தாழ் போட்டேன். குனிந்தால் மாலை டாலரில் முருகன். மாலையை முதுகுப் பக்கம் தள்ளினேன். அதன் மணிகள் முதுகில் உரசிக்கொண்டே இருந்தன. என்ன செய்தும் முடியவில்லை. "சாமி, லேப்ல கேட்டுக்கினே இருக்காங்க" என்று நர்ஸ் கதவைத் தட்டத் தட்ட, வேர்த்துக் கொட்டியது. உலைக்கு முன்னால் கூட அப்படி வேர்த்ததில்லை.

வெறும் டப்பாவோடு மனைவியிடம்தான் போனேன். முட்டை எடுத்து முடித்துப் படுக்க வைத்திருந்தார்கள். மயக்கம் பாதிதான் தெளிந்திருந்தது.

"குட்த்துட்டியா மாமா?"

"முடியலமே."

என் கழுத்தைப் பார்த்தாள். "இத்தப் போட்டுக்கினா உள்ள போன? கழட்டு."

"கோயில்ல போட்டது. காவடி எறக்காம கழட்டுனா பாவம்னு அம்மா..."

"குனி."

குனிந்தேன். ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்த கையாலேயே மாலையைக் கழற்றினாள். குளுகோஸ் ஸ்டாண்டில் மாட்டினாள். "பாவம் எனுக்கு வரட்டும். போய் உன் வேலையப் பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் கொடுத்தேன். லேப்பில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு உயிரணுவை மெல்லிய ஊசியால் செலுத்தினார்கள். இரண்டு கரு உருவாகி வளர்ந்தன. சில நாள் கழித்து அவற்றைக் கர்ப்பப்பையில் வைத்து அனுப்பினார்கள். தங்குமா தங்காதா என்று ரத்தப் பரிசோதனை வரைக்கும் தெரியாது.

மாலையைக் கழற்றிய அன்றைக்கே என் வெறுங்கழுத்தை அம்மா பார்த்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் கழட்டுனேன் அத்த" என்றாள் இவள். அவ்வளவுதான், அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். அந்தக் கிருத்திகைக்கு நான் காவடி எடுக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது.

அம்மா வாசலுக்கே போய்விட்டாள். "சாமி மாலையில கைய வெச்சா எப்டி நிக்கும்? என் புள்ள வம்சத்தையே அழிக்கிறா!" என்று எதிர் வீடு வரைக்கும் கேட்கக் கத்தினாள். இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கொறை எங்கிட்டதாம்மா" என்றேன். "அவகிட்ட ஒண்ணுமே இல்ல. டாக்டர் மொதல்லயே சொல்ட்டாரு. எனுக்குத்தான் அணு பத்தல."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு மளமளவென்று உள்ளே வந்து வாசல் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள்.

"மெதுவா பேசுடா," என்றாள். "பக்கத்து ஊட்ல கேக்கப் போவுது."