அளந்தாச்சுங்க

அன்று கிணற்றடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துக்காரர் நாச்சிமுத்துக் கவுண்டர். பனைமர நிழலில் நின்றிருந்தார். கல் சுமக்க வந்த சின்னான். அவனோடு சேர்ந்து கல் சுமந்த வெள்ளையம்மாள். கிணற்றுக்குள்ளே அவள் புருஷன் ரங்கன், பாறைக்கு வெடி வைக்கிறவன். கிணற்றில் நீர் இறைக்கிற கவலை மாடுகளுக்குப் பின்னால் நான், பழனி.

ரங்கனின் இரண்டு கண்களும் போனது என்னால். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அழகாகச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்வேன்.

கிணத்துக்கடவுக்கு மேற்கே இருக்கிறது அந்தத் தோட்டம். இரண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் வற்றிப் பாறை தெரிந்தது. சித்திரை மாதம் பாறையை உடைத்து ஆழப்படுத்தத் தொடங்கினோம்.

ரங்கன் பாறையில் குழி அடிப்பான். அதில் மருந்தைக் கெட்டித்துத் திரி வைப்பான். திரியைப் பற்றவைத்துவிட்டு, வடக்கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து குரல் கொடுப்பான். நான் மாடுகளை ஓட்டுவேன். மாடுகள் சரிவில் இறங்க இறங்க அவன் மேலே வருவான். கிணற்றுப் படிகள் பாதி ஆழம் வரைதான் உண்டு. அதற்குக் கீழே கயிறுதான் வழி.

கயிறு என்றால் என்றைக்காவது அறும். அதனால் இரண்டாவதாக ஒரு கயிறு வைப்போம். துணைக்கயிறு என்போம். அதைக் கிணற்றுக்குள் விட்டு வைப்பதில்லை. சிதறுகிற கல் அறுத்துவிடும். ஒரு நுனியை மேலே கல்தூணில் கட்டி, மீதியைச் சுருட்டி வைத்திருப்போம். ஆபத்து என்றால் வீச வேண்டும்.

கிணறு ஆழமாகிக்கொண்டே போகும். கயிறு தானாக நீளாது. ஆகவே தினமும் காலையில் துணைக்கயிற்றை முழம் போட்டு அளக்க வேண்டும். குறைந்தால் புதுக்கயிறு சேர்த்து முறுக்க வேண்டும். அதற்கென்றே புதுக்கயிறு ஒரு கட்டு, தோட்டத்து வீடான சாளையில் தொங்கியது. அளக்கிற வேலை என்னுடையது.

முதல் பத்து நாள் ஒழுங்காக அளந்தேன். கையை மடக்கி, முழம் முழமாக. ஒரு நாள்கூட அந்தக் கயிறு தேவைப்படவில்லை.

ரங்கனுக்கு அது வேடிக்கை.

“ஏனுங்ண்ணா, கயித்துக்குச் சட்டை தெக்கறீங்களா? கைக்குப் பித்தான் வெச்சுத் தெய்யுங்க” என்றான்.

சின்னான் சிரித்தான். வெள்ளையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து என் பெயர் தையக்காரர் ஆகிவிட்டது.

எனக்கு அப்போது நாற்பது வயது. ஒரு கேலியைத் தாங்க முடியாத வயதா அது? மறுநாள் காலையில் கயிற்றைக் கையில் எடுத்தேன். சின்னான் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே போட்டுவிட்டேன்.

கவுண்டர் வழக்கம்போல் கேட்டார். “பழனி, கயிறு அளந்தாச்சா?”

“அளந்தாச்சுங்க” என்றேன்.

முதல் நாள் அதைச் சொல்லும்போது நாக்கு கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை. பிறகு அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

ரங்கன் சிரித்ததால்தானே விட்டேன்… என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவன் சிரித்தது உண்மை. ஆனால் அளக்காதே என்று அவன் சொல்லவில்லையே.

அளப்பதை விட்டு இருபது நாள் ஆகியிருந்தது. அன்று மூன்று குழி. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் வெடித்துவிடலாம் என்று ரங்கன் மூன்றையும் பற்றவைத்தான். பலகையில் உட்கார்ந்து குரல் கொடுத்தான். மாடுகளை ஓட்டினேன். நாலு அடி நடந்திருக்கும். மாடுகள் திடீரென்று முன்னால் ஓடின. பின்னால் பாரம் இல்லை.

வடக்கயிறு அறுந்திருந்தது.

அது யாருடைய தப்பும் இல்லை. அப்படி அறுகிற நாளுக்காகத்தான் துணைக்கயிறு.

ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். ரங்கனுக்கு அடி ஒன்றும் இல்லை. அதிக உயரம் ஏறியிருக்கவில்லை. எழுந்து, ஒரு திரியைப் பிடுங்கினான். இன்னொன்றை மிதித்து அணைத்தான். மூன்றாவதின் நெருப்பு குழிக்குள் இறங்கிவிட்டது. கை விட்டு எடுக்க முடியாது.

துணைக்கயிற்றை வீசினேன். நேராகத்தான் இறங்கியது. அவன் தலைக்கு மேலே நின்றுவிட்டது.

ரங்கன் கையைத் தூக்கினான். எம்பினான். மறுபடியும் எம்பினான். பிறகு மேலே பார்த்துச் சொன்னான். கத்தவில்லை. களத்துமேட்டில் தாம்புக்கயிறு கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

“எட்டலீங்ண்ணா… இன்னுங் கொஞ்சம் உடுங்க.”

விடுவதற்குக் கயிறு எங்கே இருக்கிறது?

தூணுக்கு ஓடினேன். முடிச்சை அவிழ்த்தால் தூணுக்கும் கிணற்றுக்கும் நடுவில் உள்ள நீளமாவது கிடைக்கும். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் கிழித்தேன். பல்லால் இழுத்தேன். கவுண்டரும் வந்து கை கொடுத்தார்.

முடிச்சு இளகியது. அப்போது வெடித்தது.

ரங்கன் மூலையில் பாறையோடு ஒண்டியிருந்தான். உயிர் போகவில்லை. முகத்தை மட்டும் திருப்ப நேரம் போதவில்லை.

ஊரில் என்னை யாரும் குறை சொல்லவில்லை. கயிறு ஏன் எட்டவில்லை என்று கவுண்டர்கூடக் கேட்கவில்லை. என் விரல்களில் நகம் பெயர்ந்திருந்ததைத்தான் பார்த்தார்கள். வெள்ளையம்மாள் என் கையைப் பிடித்து அழுதாள். “நீங்க பட்ட பாட்டைப் பாத்தனுங்ண்ணா” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்துக்கு மின்சார மோட்டார் வந்தது. கவலைக்கு வேலை இல்லை. நான் பீளமேட்டில் ஒரு மில்லுக்கு வந்துவிட்டேன். பஞ்சு இருக்கிற இடம். தீப்பிடித்தால் கொட்டுவதற்குச் சுவரோரம் மணல் வாளிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தினமும் தூக்கிப் பார்ப்பேன். மணல் இறுகியிருந்தால் கொட்டிக் கிளறுவேன். யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. இங்கேயும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னார். “பழனியைப் பாத்துப் பழகுங்கப்பா. முன்யோசனைன்னா அதுதான்.”

தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். நாங்களும் தயாராகத்தான் இருந்தோம். துணைக்கயிறு இருந்தது, தூண் இருந்தது, சேர்த்து முறுக்கப் புதுக்கயிறு இருந்தது. ஆனால் எங்கள் துணைக்கயிறு வேலை தொடங்கிய பத்தாம் நாள் கிணற்றுக்குச் சரியான கயிறு. ரங்கன் நின்றது அந்தக் கிணற்றில் இல்லை.

வருஷத்துக்கு ஒரு முறை அவனைப் பார்க்கப் போகிறேன். தேங்காய் நாரில் கயிறு முறுக்கி விற்கிறான். கை பழகிவிட்டது. வாங்க வருகிறவர்களுக்கு ஒரு முழம் கூடவே விடுகிறான். கயிறு பத்தாமல் போகக் கூடாது என்பான்.

போன பொங்கலுக்குப் போனபோது அவனாகவே அந்தப் பேச்சை எடுத்தான்.

“கயித்து நுனி வெரல்ல பட்டுதுங்ண்ணா. நானுங் கொஞ்சம் நல்லா எம்பியிருந்தாப் புடிச்சிருப்பேன். அன்னிக்குக் காலையில ரெண்டு வாய் பழைய சோறு உண்டிருக்கோணும். தெம்பு பத்தல.”

நான்கு வருஷமாக அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். தன் கண் தன்னால் போனது என்று!

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“உன் மேல தப்பில்ல ரங்கா” என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவன் சிரித்து, காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னான். குடித்தேன்.

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வெடித்த அன்று சாயங்காலம், அவனை வண்டியில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோன பிறகு, நான் தனியாகக் கிணற்றடிக்குப் போனேன். துணைக்கயிற்றை அளந்தேன். கல் கட்டிய நூலை விட்டுக் கிணற்றை அளந்தேன். கையை மடக்கி, முழம் முழமாக, இரண்டு தடவை.

கயிற்றில் பற்றாமல் போனது ஆறு முழம்.

பிறகு சாளைக்குப் போய், தொங்கிய புதுக்கயிற்றையும் இறக்கி அளந்தேன்.

பதினாறு முழம்.